கானாடுகாத்தான் கடல் தொட்டியும் முடிப்பாசியும்

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு வளவில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கீழே உள்ள சம்ப் என்ற வடிகட்டும் தொட்டியையும் சேர்த்து, பாறை மணல் போக ஏறத்தாழ 400 லிட்டர் நீர் நிற்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்திருந்தபோது ஆசையாக அமைத்துவிட்டுப் போனது. அன்றாடம் பார்த்துக்கொள்வது ஆச்சிதான். ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு டேம்செல், அப்புறம் சோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்று மென்பவள வகைகள். பாறை எல்லாம் சிமெண்டும் சிப்பித் தூளும் சேர்த்து வார்த்த செயற்கைப் பாறை.

செயற்கைப் பாறை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிருந்து தொண்டிக்கு ஒன்றரை மணி நேரம், மண்டபத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம். "அங்கே போய் நாலு கல்லு பொறுக்கிட்டு வந்தா என்ன?" என்று கேட்கிறவர்கள் அதிகம். கல் பவளம் அத்தனையும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கடல் விசிறியும் கடல் அட்டையும் அப்படித்தான். செத்துக் கரை ஒதுங்கிய பவளக் கல்லையும் எடுக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. நம் வீட்டுத் தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கடலில் கை வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

தொட்டியைப் பார்க்க நான் போனபோது பாறையே தெரியவில்லை. இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பச்சை முடிப்பாசி எல்லாப் பக்கமும் அலைந்துகொண்டிருந்தது. சோவாந்திட் கூட்டத்தில் பாதி, பாசி மூடி வாயைத் திறக்க முடியாமல் சுருங்கிக் கிடந்தது. நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்குகிற ஓவர்ஃப்ளோவின் பல் இடுக்குகளில் பாசி அடைத்து, தொட்டியின் நீர்மட்டம் ஏறியிருந்தது. கண்ணாடியை மட்டும் ஆச்சி தினமும் துடைத்து வைத்திருந்தார்கள்.

முதல் வேலை, இது எந்தப் பாசி என்று பார்ப்பது. ஆச்சியிடம் வெள்ளை மங்குத் தட்டு ஒன்று கேட்டு வாங்கி, தொட்டி நீரைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு கொத்தைப் பிய்த்து அதில் போட்டேன். வெள்ளைப் பின்னணியில் இழை பிரிந்து நன்றாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழைகள் மெலிதாக, மென்மையாக, இறகு போன்ற பக்கக் கிளைகள் இல்லாமல் இருந்தன. வெளியே எடுத்தால் ஈர நூல் மாதிரி விரலில் ஒட்டிச் சரிந்தது. டெர்பீசியா வகை முடிப்பாசிக்கு இதுதான் லட்சணம். தண்டிலிருந்து இருபுறமும் இறகு விரிந்தது போலக் கிளை இருந்தால் அது பிரையாப்சிஸ். அதற்கு வைத்தியமே வேறு. பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் மாத்திரையை அளந்து தொட்டியில் கலப்பார்கள். முடிப்பாசியைப் பிரையாப்சிஸ் என்று நினைத்து மருந்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு, பிரையாப்சிஸை மீன் தின்றுவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் தட்டில் போட்டுப் பார்த்துவிட்டால் இரண்டும் நடக்காது.

அடுத்து நீர்ச் சோதனை. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), சரி. வெப்பம் 27 டிகிரி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் எல்லாம் சேர்ந்து அந்த வீடு குளுமையாகத்தான் இருக்கிறது. நைட்ரேட் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) சொச்சம். பாஸ்பேட்டுக்கு ஹன்னா செக்கர் என்ற சின்னச் சோதனைக் கருவி 92 காட்டியது. இந்தச் செக்கர் காட்டுவது பாஸ்பரஸ், அதுவும் பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில். பாஸ்பேட் பிபிஎம் வேண்டுமானால் 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். ஆக 0.28 பிபிஎம். மென்பவளத் தொட்டிக்கு 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும்.

நைட்ரேட் 2 என்பதைப் பார்த்து நீர் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தொட்டி நிறையப் பாசி இருக்கும்போது, வருகிற சத்தை வந்த வேகத்திலேயே அது உறிஞ்சிக்கொள்கிறது. கிட் காட்டுவது பாசி தின்றது போக மிஞ்சியதை மட்டும். உண்மையான அளவு பாசியின் உடம்பிலேயே இருக்கிறது.

இதை ஆச்சிக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பேரேடு எழுதிய வீடு. "ஆச்சி, இது வரவு பற்றுக் கணக்குதான். தொட்டிக்குள்ள என்னென்ன வருது, எது எது வெளியே போகுதுன்னு எழுதிட்டா பாசி ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுடும்" என்றேன். உடனே ஒரு நோட்டை எடுத்துவரச் சொல்லி, தேதி போட்டு, இரண்டு பத்தி பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே போவதை எழுதும் பற்றுப் பக்கத்தில், கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கிற ஸ்கிம்மர் மட்டும்தான் இருந்தது. வரவுப் பக்கத்தில் மீன் தீனி, ஜன்னல் வழியாக வரும் தூசி, அப்புறம் தினமும் ஊற்றுகிற தண்ணீர்.

"நான் ஊத்துறது நல்ல தண்ணி தம்பி. நாங்க குடிக்கிற கெணத்துத் தண்ணி. அதுல என்ன வந்துறப் போகுது?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. கிணற்று நீரை அங்கேயே சோதித்தோம். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, 600-ஐ ஒட்டி. நைட்ரேட் 20 பிபிஎம். குடிக்க ஒரு குறையும் இல்லை. ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பும் சத்தும் உள்ளேயே தங்கிவிடும். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கிற தொட்டியில் கோடையில் நாளுக்கு 8 லிட்டர் ஆவியாகிறது. 8 லிட்டரில் 20 பிபிஎம் என்றால் 160 மில்லிகிராம் நைட்ரேட். அதை 400 லிட்டரில் வகுத்தால் நாளுக்கு 0.4 பிபிஎம், மாதம் 12 பிபிஎம். தீனியைத் தொடாமலேயே இவ்வளவு. ஆச்சி அந்தக் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, வரவுப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை முதல் வரிக்குக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர்

வீட்டில் ஆர்ஓ மெஷின் இருக்கிறதே, அதைப் பிடித்து ஊற்றினால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்ச் சமையலறை ஆர்ஓவில் பெரும்பாலும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சவ்வில் வடிகட்டிய நீர் சுவையில்லாமல் இருக்கும் என்பதால், வடிகட்டாத நீரில் கொஞ்சத்தை அது திரும்பக் கலந்துவிடுகிறது. சில மெஷின்களில் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. இந்த வீட்டு மெஷினில் வந்த நீர் 90 காட்டியது.

அதற்குப் பக்கத்திலேயே தொட்டிக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் பொருத்தினேன். கடையில் உதிரியாகக் கிடைக்கிற பொருள்கள்தான்: செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், பூஸ்டர் பம்ப், சவ்வு, அதற்குப் பின்னால், மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்கிற டிஐ ரெசின் குருணை நிரப்பிய ஒரு குழல். கன்ட்ரோலர் கிடையாது. சவ்வைத் தாண்டி வரும்போது 20-க்குக் கீழே. ரெசினைத் தாண்டினால் பூஜ்யம். ரெசினுக்கு முன்னால் உள்ள எண்ணையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது ஏறினால் சவ்வு தேய்கிறது என்று பொருள். சவ்வு தேய்ந்தால் ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெஷினைப் போட்டதும் முதல் சில நிமிடம் வருகிற நீரில் டிடிஎஸ் அதிகமாக இருக்கும். அதை ரெசினுக்கு விடாமல் கழிவில் விட்டால் ரெசின் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

கழிவு நீரை வீணாக்கவில்லை. குழாயை நீட்டித் தோட்டத்து வாழைக்கு விட்டாயிற்று. மழைக்கு ஏங்கி, ஊருணி வெட்டி, கூரை நீரை வளவில் இறக்கிச் சேர்த்து வாழ்ந்த ஊர் இது. ஒரு லிட்டர் சுத்த நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிற மாதிரி ஓர் அமைப்பை இங்கே வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

உப்பு கலக்கவும் இதே நீர்தான். தொண்டியிலிருந்து கடல்நீர் கொண்டுவரலாமே என்ற யோசனை வந்தது. பாக் விரிகுடாக் கடல் ஆழம் குறைந்தது; கரையோரம் எளிதில் கலங்கும். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் வேறு வந்து சேரும். கரையில் மொண்டு வந்தால் வரவுப் பக்கத்தைத்தான் கூட்டுவோம்.

பிடுங்குவது

நீரைச் சரிசெய்தாலும் ஏற்கெனவே வளர்ந்த பாசி தானாகப் போகாது. கையால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பாசி, அது தின்ற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்துக்கொண்டு வெளியே போகிறது என்பதால், பற்றுப் பக்கத்தில் இதைவிடப் பெரிய வரி வேறு இல்லை.

வளவின் ஆத்தங்குடிக் கல்லில் உப்பு நீர் காய்ந்தால் வெள்ளை பூத்துவிடும், பிறகு எளிதில் போகாது. அதனால் முதலில் தார்பாய் விரித்து, தேக்குத் தூணைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். தொட்டியிலிருந்து மாற்ற வேண்டிய நீரை எடுத்து இரண்டு வாளியில் நிரப்பிக்கொண்டோம். ஒன்றில் தேய்ப்பது, மற்றதில் அலசுவது. உப்பில்லாத நல்ல நீரில் பாறையை முக்கக் கூடாது. பாறைக்குள் இருக்கும் பாக்டீரியாதான் தொட்டியின் உயிர்.

இந்த இடத்தில்தான் ஆச்சி கேட்டார்கள்: "வெந்நீர்ல போட்டு எடுத்தா ஒரே நாள்ல போயிடாதா?"

இதைப் படிக்கிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சோவாந்திட், அதன் வகையான பாலிதோவா ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிநீரில் போடக் கூடாது, அடுப்பில் வைக்கக் கூடாது, பிரெஷ் வைத்துக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. இவற்றில் சிலவற்றின் உடம்பில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஆவியோடு மூக்கில் போனாலும், தெறித்துக் கண்ணில் பட்டாலும், கையில் உள்ள வெட்டுக்காயம் வழியே இறங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். வெளிநாடுகளில் பாறையை வேகவைத்ததால் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் உண்டு. ஆச்சியிடம் இதைச் சொல்லி, இருவரும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டோம். சோவாந்திட் இருக்கிற பாறைகளை நான் எடுத்துக்கொண்டேன், பாசி மட்டும் இருந்தவற்றை ஆச்சிக்குக் கொடுத்தேன்.

பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. மேலாக இழுத்தால் முடி அறுந்து அடி தங்கிவிடும். பாறையை நீருக்குள்ளேயே வைத்து, கொத்தின் அடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, லேசாகத் திருகி, பாறையோடு ஒட்டியே இழுக்க வேண்டும். சரியாக வந்தால் அடியில் ஒரு சின்ன வெளிறிய பாய் போல ஒட்டுப்பகுதியும் சேர்ந்து வரும். அது வந்தால்தான் அந்த இடம் சுத்தம். ஆச்சியின் விரல்கள் இதில் என் விரல்களைவிட நேர்த்தி. பாறையைத் திருப்பித் திருப்பி ஒரு பொட்டு விடாமல் எடுத்தார்கள். விரல் நுழையாத குழிகளுக்குக் கடினமான டூத் பிரெஷ்.

பவளம் ஒட்டாத பாறைகளில் அடி விடாத இடங்களுக்கு மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கலில் புண் கழுவக் கிடைப்பதுதான், ஆனால் பாட்டிலில் சதவீதத்தைப் படிக்க வேண்டும், 6 சதவீதமும் விற்கிறார்கள். பாறையை வெளியே வைத்து, தூரிகையால் தொட்டுத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வாளி நீரில் நன்றாக அலசித் தொட்டிக்குள் வைத்தோம். தடவிய இடத்தில் நுரை பொங்கும். ஓரிரு நாளில் அந்தப் பாசி வெளுத்து உதிரும். தொட்டிக்குள் நேரடியாகப் பெராக்சைடு ஊற்றுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. இறால், நத்தை எல்லாம் அதைத் தாங்குவது கஷ்டம்.

எல்லாப் பாறையையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டோம். தொட்டிக்குள்ளேயே பிடுங்க வேண்டிய இடங்களில், ஒரு கையில் பாசியும் மறு கையில் சைபன் குழாயுமாக, பிய்க்கிற இடத்துக்கு அரை அங்குலம் தள்ளிக் குழாய் வாயை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். மிதந்து போகிற ஒவ்வொரு துண்டும் வேறோர் இடத்தில் ஒட்டி வளரும்.

இதே சங்கதி நம் கடலிலும் நடந்திருக்கிறது. காராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுப்பதற்காகப் பாக் விரிகுடாவில் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளியூர்ப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். அதுவும் துண்டு துண்டாக ஒடிந்துதான் பரவுகிறது. அங்கேயும் கையால் பிடுங்கித்தான் எடுத்தார்கள். 400 லிட்டரில் இதைச் செய்யவே முதுகு ஒடிகிறது. கடலுக்குள் இறங்கிப் பிடுங்கியவர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

தின்கிறவர்கள்

பாசி தின்ன டர்போ, ட்ரோகஸ் நத்தைகளைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். நம் கடலில் இவற்றின் பெரிய இனங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை; எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத நத்தையை நான் வாங்குவதில்லை. சின்ன செரித் நத்தைகள் சிலவற்றை மதுரையில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் தந்தார். அவை மணலிலும் கண்ணாடியிலும் மேயும், நீள முடியைத் தொடாது.

நீள முடிக்கு ஓரா மீன். கடையில் ஃபாக்ஸ்ஃபேஸ் என்று விற்கிற மஞ்சள் மீன் ஓரா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தொண்டிப் பக்கம் கடற்புல் மேய்கிற ஓராவைத் தெரியாத மீனவர் இருக்க மாட்டார். முள்ளில் விஷம் உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். குத்திவிட்டால் தாங்குகிற அளவு வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். அதனால் இந்தத் தொட்டியில் கை விடும் முன் ஓரா எங்கே நிற்கிறது என்று பார்ப்பது இப்போது ஆச்சிக்குப் பழக்கமாகிவிட்டது. தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டோம். சில ஓராக்கள் சோவாந்திட்டைக் கடித்துப் பார்க்கும். இது தொடவில்லை.

அப்புறம் மோலி. ஆம், காரைக்குடியில் எந்த வளர்ப்பு மீன் கடையிலும் கிடைக்கிற அதே கறுப்பு மோலி. நன்னீரில் விற்றாலும் உப்புநீரைத் தாங்கும் உடம்பு அதற்கு. ஒரு வாளியில் விட்டு, சொட்டுக் குழாயில் தொட்டி நீரை மிக மெதுவாக இறக்கி, ஒரு முழு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு கடல் உப்புக்கு ஏற்றினோம். அவசரப்பட்டால் செத்துவிடும். ஏறிவிட்டால் காலையிலிருந்து ராத்திரி வரை பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். பிடுங்கிய பிறகு முளைக்கிற இளந்துளிரை மோலி போல மேய்கிற மீன் இந்த விலையில் இல்லை.

ஆனால் ஒன்று. மீன் தின்ற பாசி எங்கேயும் போவதில்லை. கழிவாகத் தொட்டியிலேயே விழுகிறது. அதை வெளியே தள்ள ஸ்கிம்மரும் ஃபில்டர் துணியும் வேண்டும். துணியை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்தோம்.

தீனி விஷயத்தில் ஆச்சியோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. மைசிஸ் என்ற பொடி இறாலின் உறைந்த கட்டியைக் குறைக்கச் சொல்லவில்லை, உருகும் சாற்றை மட்டும் விட வேண்டாம் என்றேன். கட்டியை வலையில் போட்டு ஆர்ஓ நீரில் உருக்கி அலசி, இறாலை மட்டும் கொடுத்தால் மீனுக்குப் பசி ஆறும், சாறு தொட்டிக்கு வராது.

பழைய பாக்கி

சம்ப்பில் ஒரு அறையைக் காலி செய்து கீட்டோமார்ஃபா என்ற பாசியை வைத்தோம். பச்சைப் பிளாஸ்டிக் நார் உருண்டை போல இருக்கும். வேர் கிடையாது, எங்கும் ஒட்டாது. இதற்கு இரவில் விளக்கு. மேலே விளக்கு அணைந்ததும் கீழே எரியும்படி டைமர். இரவில் நீரின் பிஎச் இறங்குவதை இது ஓரளவு தடுக்கிறது. மேலே வேண்டாத பாசி தின்கிற சத்தைக் கீழே வேண்டிய பாசி தின்னட்டும் என்பதுதான் ஏற்பாடு. உருண்டை அறையை நிறைத்ததும் பாதியைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் பயனில்லை. இதே வேலைக்குக் கிராசிலேரியாவும் வைக்கலாம். மண்டபம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற கஞ்சிப்பாசி அந்த இனம்தான்.

பாஸ்பேட்டுக்கு, தொட்டி நீர் ஊடே ஓடுகிற ரியாக்டர் என்ற குழலில் ஜிஎஃப்ஓ, அதாவது இரும்பு ஆக்சைடு குருணை. சிவப்புத் தூசி போகும்வரை அலசி, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி மட்டும் போட்டோம். பாஸ்பேட் சடாரென்று இறங்கினால் பவளம் வெளுக்கும். சில நாளில் செக்கர் 92-லிருந்து 40-க்கு வந்தது. அடுத்த வாரம் 75. ஆச்சிக்குச் சங்கடமாகிவிட்டது. "எறங்குனது ஏன் தம்பி ஏறுது? நான் தீனி கூட்டலையே."

அவர்கள் கூட்டவில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள பாறையும் மணலும் பாஸ்பேட்டைத் தம் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரில் அதிகமாக இருந்த காலத்தில் சேர்த்து வைத்தது, நீரில் குறையும்போது திரும்ப வெளியே வருகிறது. கணக்குப் பாஷையில் சொன்னால் பழைய பாக்கி. அது தீரும்வரை எண் இறங்கும், ஏறும், திரும்ப இறங்கும். ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடக் குறைவாக இருந்தால் சரியான பாதை. இது மாதக்கணக்கில் ஆகும். தொட்டி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் கலைப்பது இந்தக் கட்டத்தில்தான். புதுப் பாட்டில் மருந்துகளுக்குப் பணம் போவதும் இப்போதுதான். ஆச்சி செய்தது எண்ணை எழுதி வைப்பது மட்டும். 75-க்குப் பிறகு வந்த உச்சம் 58, அதற்கடுத்தது 44 என்று நோட்டில் தெரிந்தபோது அவர்களுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வெளிச்சம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளவின் திறந்த வெளி வழியாக மாலை வெயில் தொட்டியின் ஒரு ஓரத்தில் விழுகிறது, அந்த ஓரத்தில்தான் பாசி தடிப்பாக இருந்தது. மூங்கில் தட்டி கட்டினோம். எல்இடி விளக்கின் வெள்ளைச் சேனலைக் குறைத்து, எட்டு மணி நேரத்துக்கு நிறுத்தினோம். விளக்கை மட்டும் குறைத்துப் பாசியை ஒழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பவளம் முதலில் வாடும்.

பூஜ்யம் வேண்டாம்

பாசி பெரும்பாலும் குறைந்த சமயத்தில் நைட்ரேட் கிட் நிறமே காட்டவில்லை. கீட்டோவும் ஸ்கிம்மரும் சேர்ந்து நன்றாக இழுத்துவிட்டன. கொஞ்ச நாளில் மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி போல ஒன்று, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழோடு. காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருந்தது.

டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிர் என்று சந்தேகம். கொஞ்சம் உறிஞ்சி ஒரு பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கடியில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்த நீரில் பழுப்பு இழைகள் மறுபடி ஒன்றுகூடின. டையாட்டம் என்ற சாதாரணப் பழுப்புப் பாசி இப்படிச் சேராது. டைனோ என்பது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொடுகிற தொட்டியில் போட்டிக்கு வேறு யாரும் இல்லாதபோது தலையெடுக்கும். சத்தைக் குறைக்கக் குறைக்க அதற்குக் கொண்டாட்டம்.

உடனே ஜிஎஃப்ஓவை நிறுத்தினோம். கீட்டோ விளக்கைப் பாதி நேரமாக்கினோம். சோடியம் நைட்ரேட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நைட்ரேட்டை 5-க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தினோம். பாசிக்குச் சத்து கூடாது என்று இத்தனை நாள் சொல்லிவிட்டு இப்போது சத்தை ஊற்றுகிறோமே என்று ஆச்சி கேட்டார்கள். வரவே இல்லாத கடையும் ஓடாதில்லையா என்றதும் புரிந்துகொண்டார்கள். இந்தக் கட்டத்தில் நீர் மாற்றவில்லை. மணலை மட்டும் சைபனில் உறிஞ்சி, நுண்ணிய துணியில் வடிகட்டி நீரைத் திரும்ப விட்டோம். மெல்ல மெல்ல விலகியது. மோலியும் நத்தையும் சாகவில்லை. சில டைனோ இனங்கள் நத்தையைக் கொல்லும், ஆகவே அது வந்தால் முதலில் நத்தைகளைக் கவனியுங்கள்.

இடையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் போகிற நாள் வந்தது. தொட்டிக்குள் நீரோட்டம் தருகிற வேவ் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நீரோட்டம் நின்றால் பாறைக்குள் உயிர்கள் மடிந்து, அத்தனையும் ஒரே நாளில் பாசிக்குத் தீனியாகும். ஒரே ஒரு பம்ப்புக்கு மட்டும் பேக்கப் வைக்க முடியும் என்றால் அது வேவ் பம்ப்பாக இருக்கட்டும்.

இப்போது செக்கர் 20-ஐ ஒட்டி நிற்கிறது, அதாவது பாஸ்பேட் 0.06. நைட்ரேட் 5. பாறையில் கோரலைன் என்ற ஊதா நிறக் கெட்டிப் பாசி திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது. அது பிடித்த இடத்தில் முடிப்பாசி எளிதில் ஒட்டாது. சோவாந்திட் கூட்டம் முழுக்க விரிந்திருக்கிறது. ஜிஎஃப்ஓ ரியாக்டரைக் கழற்றிக் கழுவிப் பரணில் வைத்தாயிற்று. மிச்சமிருப்பது ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னால் ஒரு கைப்பிடி முடி, அங்கே ஓரா நுழைய முடியாது. அப்புறம் இரண்டு குமிழ்ப் பாசி, வெடிக்காமல் அடியைத் திருகி முழுசாக எடுக்க வேண்டும். இரண்டையும் அடுத்த நீர் மாற்றத்தின்போது பார்த்துக்கொள்வதாக ஆச்சி சொல்லியிருக்கிறார்கள். ரெசினுக்கு முன்னால் டிடிஎஸ் 35-க்கு ஏறியிருக்கிறது, அதனால் நான் அடுத்த முறை போகும்போது புதுச் சவ்வு ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும்.